23ஆம் நம்பர் பெர்த்தும் நோஎஸ்க்யூஎல்லும்

போன செமஸ்டரில் எங்கள் டேட்டாபேஸ் லேபில் ஒரு மினி ப்ராஜெக்ட். ஆளுக்கு ஒரு நோஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டு, அதை வைத்து ஏதாவது உருப்படியாகச் செய்து காட்ட வேண்டும். நாங்கள் மூன்று பேர், மாங்கோடிபி, தலைப்பு ரயில் முன்பதிவு. (வருடா வருடம் யாராவது இதைத்தான் செய்கிறார்கள், தெரியும். சிரிக்காதீர்கள்.) மூன்று லேப்டாப்பில் மூன்று பிரதிகள் ஓடின. அழகான பச்சை நிறப் பக்கம் வேறு.

டெமோ அன்று சார் வந்தார். எதுவும் பேசாமல் இரண்டு லேப்டாப்பில் ஒரே பெர்த்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினார். எஸ்-4 பெட்டி, 23ஆம் நம்பர். இரண்டு திரையிலும் "உறுதி செய்யப்பட்டது" என்று வந்தது.

"ஏம்பா, 23 சைடு லோயர்தானே? ஆர்.ஏ.சி.ன்னு நினைச்சு ரெண்டு பேரை உட்கார வெச்சிட்டீங்களா?" என்றார். வகுப்பே சிரித்தது. ஸ்லீப்பர் பெட்டியில் எட்டு எட்டாக எண்ணினால் ஏழாவது சைடு லோயர், ஆகவே 7, 15, 23 எல்லாம் சைடு லோயர். ஆர்.ஏ.சி.யில் அந்த ஒரு பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து வருவதும் நிஜம். ஆனால் நாங்கள் விற்றது ஆர்.ஏ.சி. இல்லையே, கன்ஃபர்ம் டிக்கெட்!

மதிப்பெண் கதையை விடுங்கள். அன்று முதல் என்னைக் குடைந்த கேள்வி இது. நாங்கள் மூன்று லேப்டாப்பில் ஒரு பெர்த்தை ஒழுங்காக விற்க முடியாதபோது, ரயில்வே இத்தனை வருடமாக எப்படி விற்கிறது? தேடிப் படித்ததில், நோஎஸ்க்யூஎல் பற்றிப் பாடப்புத்தகத்தில் புரியாமல் போன பாதி விஷயம் ரயில்வே முன்பதிவின் வரலாற்றில் புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பென்னலூரைத் தெரியாதவர்களுக்கு: சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருகிற ஊர். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, அந்தப் பக்கம் ஒரகடம். கார், செல்போன், கண்ணாடி, டயர் என்று எதைச் சொன்னாலும் இங்கே ஒரு தொழிற்சாலை இருக்கும். திருநெல்வேலி, நாகர்கோவில் பையன்களும் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான விஷயம் இரண்டு. ஒன்று, பண்டிகைக்கு ஊருக்குப் போக வேண்டும். இரண்டு, இத்தனை பேர் இருக்கிற ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையமே கிடையாது. ஆகவே கையில் டிக்கெட் இல்லாமல் "ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்புவது இங்கே நடக்கிற காரியம் இல்லை.

சரி, ஃப்ளாஷ்பேக்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் முன்பதிவு என்றால் நோட்டுப் புத்தகம். ஒரு ரயில், ஒரு தேதி, அதற்கு ஒரு பக்கம். அந்த ரயிலின் நோட்டு எந்த கவுண்டரில் இருக்கிறதோ அங்கேதான் வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்து கவுண்டர் காலியாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, அங்கே வேறு ரயிலின் நோட்டு இருக்கும். நாள் முழுக்க வரிசையில் நின்ற கதையெல்லாம் நம் அப்பா, தாத்தா காலத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு.

ஆனால் அந்த நோட்டுக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. ஒரே நோட்டு, ஒரே குமாஸ்தா, ஒரே பேனா. 23ஆம் நம்பரில் ஒரு பெயரை எழுதிவிட்டால் அடுத்தவருக்கு அந்த இடம் காலியாகத் தெரிய வாய்ப்பே இல்லை. நாம் இன்று 'லாக்' என்று படிக்கிறோமே, அது இதுதான். நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே எழுதலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும். பாதுகாப்பு நூறு சதவீதம், வேகம் ஆமை.

நடுவில் உள்ள ஊர்களுக்கு என்ன செய்தார்கள்? ரயில் கிளம்பும் ஊரில்தான் நோட்டு இருக்கிறது. வழியில் உள்ள ஸ்டேஷனில் ஒருவர் வந்து கேட்டால் ஒவ்வொரு தடவையும் தந்தி அடித்துக் கேட்க முடியுமா? அதனால் 'கோட்டா' வைத்தார்கள். இத்தனை பெர்த் இந்த ஸ்டேஷனுக்கு என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட்டால், அவர்கள் யாரையும் கேட்காமல் தங்கள் பங்கை விற்றுக்கொள்ளலாம். அதில் நஷ்டமும் உண்டு. இங்கே கோட்டா தீர்ந்து ஆள் நிற்பான், அங்கே கோட்டா மீந்து பெர்த் காலியாகப் போகும். இந்தக் கோட்டா விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இதே பிரச்சினை அமெரிக்காவில் விமானங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 'சேபர்' என்ற முன்பதிவு அமைப்பைக் கட்டி, 1964ல் முழுமையாக ஓடவிட்டன. எட்கர் காட் என்கிற ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் 'ரிலேஷனல்' தரவுத்தளம் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1970ல். அதாவது எஸ்.க்யூ.எல். பிறப்பதற்கு முன்பே டிக்கெட் விற்கும் கம்ப்யூட்டர்கள் இருந்தன. "முதலில் எஸ்.க்யூ.எல். இருந்தது, பிறகு நோஎஸ்க்யூஎல் வந்தது" என்று நாம் பரீட்சையில் எழுதுவது அத்தனை சரியில்லை.

இந்தியாவில் ஆரம்பித்தது 1985-86ல், டில்லியில். சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் 'இம்ப்ரஸ்' என்ற மென்பொருளை எழுதியது. பெயரின் விரிவைத் தமிழில் சொன்னால் 'ஒருங்கிணைந்த பல-ரயில் பயணி முன்பதிவு முறை'. அந்தப் 'பல-ரயில்' என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. எந்த கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட். இன்றைக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. நோட்டுக்குப் பின்னால் அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

1987ல் சென்னைக்கு வந்தது. அப்போது மெட்ராஸ். மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் அதே வருடம். செகந்திராபாத்துக்கு 1989ல். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகம் என்று ஒரு கட்டடம் இருக்கிறதல்லவா, முன்பதிவு கவுண்டர்கள் இருக்கும் இடம்? அங்கே ஒரு காலத்தில் பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் இருந்தது. 1985ல் தீ விபத்தில் எரிந்துபோனது. புத்தகம் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அது வேறு கட்டுரை.

இப்போது ஐந்து ஊர்களில் ஐந்து கம்ப்யூட்டர். ஆனால் ஒன்றோடு ஒன்று பேசாது. ஊருக்குள் எந்த கவுண்டரும் சரி, ஆனால் சென்னையில் நின்றுகொண்டு டில்லியிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டை எடுப்பது பெரும்பாடு. இதைத் தீர்க்க ரயில்வேயின் சொந்தக் கணினி அமைப்பான 'கிரிஸ்' (1986ல் தொடங்கியது) 'கன்சர்ட்' என்று புது மென்பொருள் எழுதியது. 1994ல் முதலில் செகந்திராபாத்தில் ஓடியது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் இணைந்தன: டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத்.

எப்படி இணைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எல்லாத் தரவையும் ஒரே பெரிய கம்ப்யூட்டரில் கொட்டவில்லை. எல்லாவற்றையும் ஐந்து இடத்திலும் நகல் எடுத்து வைக்கவும் இல்லை. ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு 'வீடு' உண்டு. அந்த ரயிலின் பெர்த் கணக்கு அந்த மையத்தில் மட்டுமே இருக்கும். டில்லி கவுண்டரில் ஒருவர் சென்னை மையத்து ரயிலைக் கேட்டால், அந்தக் கோரிக்கை கம்பி வழியாகச் சென்னைக்கு வந்து, இங்கே பெர்த் ஒதுக்கப்பட்டு, பதில் டில்லிக்குப் போகும். எந்தக் கோரிக்கை எங்கே போக வேண்டும், நடுவழியில் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்ள, டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் 'ரிலையபிள் ட்ரான்சாக்ஷன் ரவுட்டர்' என்ற மென்பொருள்.

எங்கள் சிலபஸில் இரண்டாம் யூனிட்டில் 'ஷார்டிங்' என்று ஒரு தலைப்பு வரும். தரவைத் துண்டு துண்டாக்கி வேறு வேறு சர்வரில் வைத்து, எந்தச் சாவிக்கு எந்தச் சர்வர் என்று கண்டுபிடித்து அனுப்புவது. ஏதோ கூகுளும் ஃபேஸ்புக்கும் கண்டுபிடித்த மாதிரி புத்தகத்தில் இருக்கும். 1999ல் நம்ம ஊர் ரயில்வே செய்தது வேறென்ன? ரயில் நம்பர்தான் சாவி, ஐந்து மையம்தான் ஐந்து ஷார்டு.

சரி, கம்பி அறுந்தால்? இங்கேதான் நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு காட்சி வருகிறது. அரை மணி நேரம் வரிசையில் நின்று கவுண்டர் அருகே போனதும், உள்ளே இருப்பவர் சொல்வார்: "லிங்க் இல்ல சார்". எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த மூன்று வார்த்தைகள்தான் 'கேப் தேற்றம்'.

எரிக் ப்ரூவர் என்கிற பெர்க்லி பேராசிரியர் 2000ல் ஒரு மாநாட்டில் இதை ஒரு ஊகமாகச் சொன்னார். 2002ல் கில்பர்ட், லிஞ்ச் என்ற இருவர் நிரூபித்தார்கள். சுருக்கமாக: தரவு பல இடங்களில் இருக்கும்போது நடுவில் தொடர்பு அறுந்தால், இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம். ஒன்று, பதில் சரியாக இருக்க வேண்டும், தெரியாவிட்டால் பதிலே சொல்லக் கூடாது. அல்லது, எப்படியாவது பதில் சொல்லியே ஆக வேண்டும், கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. டில்லி கவுண்டர்காரர் சென்னையோடு பேச முடியாதபோது குத்துமதிப்பாக "23ஆம் நம்பர் உங்களுக்கு" என்று அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "லிங்க் இல்ல" என்றார். ரயில்வே முதலாவதைத் தேர்ந்தெடுத்தது.

மறக்காதீர்கள் என்றேனே, அந்தக் கோட்டா? அது இரண்டாவது வழிக்கு ஒரு புத்திசாலித்தனமான மாற்று. தொடர்பே இல்லாவிட்டாலும் தப்பு நேராமல் விற்க வேண்டுமா, சரக்கை முன்பே பிரித்துக் கொடுத்துவிடு. தந்தி காலத்து குமாஸ்தாக்கள் இதைத் தேற்றம் எதுவும் படிக்காமல் செய்துகொண்டிருந்தார்கள்.

இனி கடலைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம். நோஎஸ்க்யூஎல் என்ற பெயர் 1998ல் கார்லோ ஸ்ட்ரோட்சி என்பவர் தன்னுடைய சிறு தரவுத்தளத்துக்கு வைத்தது. அதற்கும் இன்றைய அர்த்தத்துக்கும் சம்பந்தம் குறைவு. 2009 ஜூனில் சான்ஃபிரான்சிஸ்கோவில் யோகன் ஆஸ்கர்சன் என்பவர் கூட்டிய ஒரு சந்திப்புக்கு இந்தப் பெயரை வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. ஆனால் சரக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. 2006ல் கூகுளின் 'பிக்டேபிள்' கட்டுரை, 2007ல் அமேசானின் 'டைனமோ' கட்டுரை.

டைனமோ கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். கடினமாக இருக்கும் என்று பயந்தேன், அவ்வளவு இல்லை. அமேசானின் கவலை ரயில்வேயின் கவலைக்கு நேர் எதிர். வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கூடையில் போடும்போது, எந்த சர்வர் செத்திருந்தாலும், எந்தக் கம்பி அறுந்திருந்தாலும், "முடியாது" என்று சொல்லவே கூடாது. அதற்காக அவர்கள் ஒரு விலை கொடுத்தார்கள். இரண்டு சர்வரில் இரண்டு விதமாகக் கூடை இருந்தால் பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்வார்கள். அப்படிச் சேர்க்கும்போது, நீங்கள் வேண்டாம் என்று எடுத்துப் போட்ட பொருள் சில சமயம் திரும்பக் கூடைக்குள் வந்துவிடும்! அதைக் கட்டுரையிலேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். வந்தால் வரட்டும், வாடிக்கையாளர் பார்த்து நீக்கிக்கொள்வார்.

கூடையில் ஒரு சோப்பு கூடுதலாக வந்தால் நீக்கிவிடலாம். 23ஆம் நம்பர் பெர்த்தில் ஒரு ஆள் கூடுதலாக வந்தால்? ராத்திரி பதினொரு மணிக்கு விழுப்புரம் தாண்டி, இரண்டு குடும்பமும் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு டி.டி.ஆர். முன்னால் நிற்கும். அங்கே "சேர்த்துக்கொள்வது" எப்படி?

டைனமோ கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் அவினாஷ் லக்ஷ்மன். அவர் பிறகு ஃபேஸ்புக்குக்குப் போய், பிரசாந்த் மாலிக் என்பவரோடு சேர்ந்து 'கசாண்ட்ரா'வை எழுதினார். 2008ல் அது திறமூலமாக வெளியானது. நாம் லேபில் நிறுவத் திண்டாடும் அதே கசாண்ட்ராதான். 2013ல் வந்த அதன் 2.0 பதிப்பில் "இந்த நிபந்தனை இருந்தால் மட்டும் எழுது" என்ற வசதியைச் சேர்த்தார்கள். மாங்கோடிபியும் பல ஆவணங்களைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக மாற்றும் வசதியை 2018ல் 4.0 பதிப்பில் கொண்டுவந்தது. பழைய கறார்த்தனத்தை உதறிவிட்டுக் கிளம்பியவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லா இடத்திலும் சோப்பு மட்டுமே விற்க முடியாதல்லவா.

திரும்ப நம்ம ஊர். 2002 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. முதல் நாள் விற்றது 29 டிக்கெட். ஆமாம், இருபத்தொன்பது. அப்போது இணையத்தில் பணம் கட்டினால் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். நாமே அச்சடித்துக்கொள்ளும் இ-டிக்கெட் 2005ல் வந்தது. அதன்பிறகு கூட்டம் எகிறியது.

இதில் தட்கல் என்று ஒரு சமாச்சாரம். 1997ல் கொண்டுவந்தது, அவசரமாகப் போகிறவர்களுக்காக. கவுண்டர் காலத்தில் அது ஒரு சின்ன வசதி. இணையம் வந்ததும் நாடு முழுவதும் ஒரே விநாடியில் ஒரே கதவைத் தட்டும் திருவிழாவாக மாறிவிட்டது. காலை 8 மணிக்குப் பொது முன்பதிவும் திறக்கும், தட்கலும் திறக்கும். சர்வரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

2012 ஜூலையில் தட்கலை 10 மணிக்கு மாற்றினார்கள். 2015 ஜூனில் அதையும் உடைத்து, ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, ஏ.சி. இல்லாததற்கு 11 மணி என்றார்கள். ஒரு வரி கோடு எழுதாமல், ஒரு சர்வர் வாங்காமல், வெறும் கடிகாரத்தை வைத்துச் சுமையைப் பிரித்த வேலை இது. 'ஸ்கேலிங்' என்றால் மென்பொருள் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு குட்டு.

ஆனாலும் கடிகாரம் மட்டும் போதவில்லை. 2014 ஏப்ரல் கடைசியில் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் இ-டிக்கெட்டிங்' என்ற புது அமைப்பை கிரிஸ் ஓடவிட்டது. அந்த வருட ரயில்வே பட்ஜெட்டில் அமைச்சர் சதானந்த கவுடா சொன்ன கணக்கு: நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆகும், ஒரே நேரத்தில் 40,000 பேர் என்பது 1,20,000 பேர் ஆகும். உள்ளே வேலை செய்தது 'ஜெம்ஃபயர்' என்ற மென்பொருள். இது நோஎஸ்க்யூஎல் குடும்பத்தில் ஒரு வகை. தரவை டிஸ்க்கில் தேடாமல், பல சர்வர்களின் மெமரியில் பரப்பி வைத்திருக்கும். கூட்டம் கூடினால் இன்னும் நாலு சர்வரைப் பக்கத்தில் சேர்த்துவிடலாம். 2015ல் இதன் மூலநிரல் 'ஜியோட்' என்ற பெயரில் அப்பாச்சி அமைப்புக்கு வழங்கப்பட்டது. ஆகவே வேண்டுமானால் நாமே இறக்கி ஓட்டிப் பார்க்கலாம்.

சீனாவின் ரயில் டிக்கெட் தளமான 12306ம் இதே ஜெம்ஃபயரைத்தான் எடுத்துக்கொண்டது. 2012 வசந்த விழாவின்போது அந்தத் தளம் கூட்டம் தாங்காமல் திணறியதுதான் காரணம். அங்கேயும் தொழிற்சாலை ஊர்களில் இருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். ஒரகடத்தின் தீபாவளியைப் பல ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, எது மாறியது என்பதை விட எது மாறவில்லை என்பது. ஜெம்ஃபயர் வந்தது இணையதளத்தின் பக்கம். பெர்த் யாருக்கு என்று கடைசியாகத் தீர்மானிக்கும் இடம் அதே பழைய பயணி முன்பதிவு அமைப்பு, கவுண்டர்காரரும் இணையத்தில் இருக்கிறவரும் சென்று முட்டும் ஒரே நோட்டு. அது அப்படியே இருந்தது.

ஏன் என்று யோசித்தால் விடை நம் பழக்கத்திலேயே இருக்கிறது. ஒரு டிக்கெட் எடுக்க நாம் எத்தனை தடவை சர்வரைத் தொந்தரவு செய்கிறோம்? லாகின். ஊர் பெயர் தேடல். எந்தெந்த ரயில்? எத்தனை மணி? கட்டணம்? அந்தத் தேதியில் இடம் இருக்கிறதா? அடுத்த நாள்? அதற்கு முந்தைய நாள்? இப்படிப் பத்துப் பதினைந்து கேள்வி கேட்டு ஒரே ஒரு டிக்கெட். ஊர் பெயரும் கட்டணமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. "இடம் 42" என்று காட்டும்போது உண்மையில் 39 ஆகியிருந்தால்கூடக் குடி முழுகாது, கடைசிப் படியில் தெரிந்துவிடும். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் மெமரியில் இருந்து, கொஞ்சம் பழைய பதிலாக இருந்தாலும், படபடவென்று சொல்லிவிடலாம். கடைசி ஒரு அடி, அந்த ஒரு பெர்த்தில் பெயர் எழுதுவது, அது மட்டும் நோட்டும் பேனாவும் போலக் கறாராக நடக்க வேண்டும்.

நாங்கள் செய்த தப்பு இப்போது தெளிவாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்திருந்தோம். ரயில் பட்டியலைப் படிப்பது போலவே பெர்த்தின் நிலையையும் ஏதோ ஒரு பிரதியில் இருந்து படித்தோம். அது காலி என்றது. சரி என்று தனியாக ஒரு கட்டளையில் எழுதினோம். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. சாரின் இரண்டாவது கை அந்த இடைவெளியில்தான் நுழைந்தது. மாங்கோடிபியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு ஆவணத்துக்குள் "காலியாக இருந்தால் மட்டும் எழுது" என்று ஒரே கட்டளையில் சொல்லும் வசதி அதில் ஆரம்பத்தில் இருந்தே உண்டு. நாங்கள்தான் பயன்படுத்தவில்லை.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. 2025 மே 22ஆம் தேதி காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. முதல் நாள் முழுக்க 29 விற்ற இடத்தில்! படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. முன்பதிவு திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் வரும் லாகின் முயற்சிகளில் பாதி வரை மனிதர்களே இல்லை, தானியங்கி 'பாட்' மென்பொருள்கள். சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகளை முடக்கினார்களாம். அந்த வருடம் ஜூலை முதல் தட்கலுக்கு ஆதார் கட்டாயம் ஆனது.

கதவை அகலமாக்கினால் நமக்கும் வசதி, பாட்டுக்கும் வசதி. ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த் என்றால் 72தான். பத்துப் பெட்டிக்கு 720. நிமிடத்துக்கு 7,200 விற்கும் தளம் வேறு எதையும் விற்காமல் அதை மட்டும் விற்றால் ஆறு விநாடியில் தீர்ந்துவிடும். அந்த ஆறு விநாடிக்குள் யார் நுழைகிறார்கள்? எங்கள் ஹாஸ்டல் வைஃபையில், கார்டு விவரத்தை முன்பே சேமித்து வைத்துக்கொண்டு உட்காரும் நான் நுழையலாம். ஷிஃப்ட் முடிந்து வந்து, பழைய போனில், ஆங்கிலமும் இந்தியும் தமிழும் சரியாகப் படிக்க வராமல் உட்காரும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி நுழைவாரா? நோட்டுக் காலத்தில் அவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நின்றிருந்தால், முன்னால் வந்தவர் என்ற மரியாதையாவது இருந்திருக்கும். இப்போது முன்பதிவு டிக்கெட்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இணையத்தில் எடுக்கப்படுகின்றன. கவுண்டருக்குப் போகிறவருக்கும் அதே நோட்டுதான், ஆனால் அதே ஆறு விநாடிதான்.

2025 ஜூனில் ரயில்வே இன்னொரு அறிவிப்பும் செய்தது. புது முன்பதிவு அமைப்பில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட், விசாரணைகள் நிமிடத்துக்கு 4 லட்சத்தில் இருந்து 40 லட்சம். விசாரணையைப் பத்து மடங்கு ஆக்குகிறார்கள், டிக்கெட்டைச் சுமார் ஐந்து மடங்குதான். காரணம் மேலே சொன்னதுதான் என்று நினைக்கிறேன். கேட்பது எப்போதும் வாங்குவதை விட அதிகம், அதைப் பெருக்குவதும் சுலபம்.

எங்கள் ப்ராஜெக்டுக்கு வருவோம். ரயில் பட்டியல், கட்டணம் எல்லாவற்றையும் எந்தப் பிரதியில் இருந்தும் படிக்கலாம் என்று விட்டுவிட்டோம். பெர்த்தை மட்டும் முதன்மைப் பிரதியில், நிபந்தனையோடு, ஒரே கட்டளையில் எழுதினோம். முதன்மை லேப்டாப்பின் வைஃபையை அணைத்தால் பக்கத்தில் "லிங்க் இல்லை, சற்று நேரம் கழித்து முயலவும்" என்று வரும்படி செய்தோம். சாருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

இந்தத் தடவை அவர் கைகளால் அழுத்தவில்லை. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வந்திருந்தார். 200 பேர், ஒரே விநாடி, எஸ்-4, 23ஆம் நம்பர். ஓடி முடிந்ததும் ஒருவருக்கு மட்டும் டிக்கெட், மற்றவர்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட் 1 முதல் 199 வரை, ஒன்றுகூட விடுபடாமல், ஒன்றுகூட இரட்டிக்காமல். திரையை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார்.

"கரெக்ட்டா இருக்கு. இந்த 199 பேரும் ஊருக்கு எப்படிப்பா போவாங்க?"

"கிளாம்பாக்கம் சார். பஸ்தான்," என்றான் பின்பெஞ்சில் இருந்து ஒரு நாகர்கோவில்காரன்.